வெண்பாறைக் கடிதங்கள்: ஓர் அரசதந்திர வினாவும் அதன் விடையும்

முன்னுரை

1953ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள், ஜொகூர் மாநிலத்தின் தற்காலிக அரசுச் செயலாளர் சிங்கப்பூர்க் காலனிச் செயலாளருக்கு ஒரு கடிதம் விடுத்தார். வழக்கமான பணிவுரைகளை நீக்கிவிட்டுப் பார்த்தால் அக்கடிதத்தில் எஞ்சுவது ஒரே வாக்கியம். சிங்கப்பூரிலிருந்து ஏறக்குறைய 40 மைல் தொலைவிலுள்ள பெட்ரா பிராங்கா பாறையின் நிலை குறித்து வந்த கடிதத்தைச் சுட்டி, அப்பாறையின் உடைமையை ஜொகூர் அரசாங்கம் கோருவதில்லை எனத் தெரிவிப்பது அந்த வாக்கியம். அதன்பின் ஏறத்தாழ 55 ஆண்டுகள் கழித்து, 2008 மே 23இல், தி ஹேக் நகரிலுள்ள அனைத்துலக நீதிமன்றத்தின் 16 நீதிபதிகள் இந்த ஒற்றை வாக்கியத்தைத் தம் தீர்ப்பின் நடுவே வைத்து எடைபோட வேண்டியிருந்தது.

அரசதந்திரக் கடிதங்களை வரலாற்றாசிரியர் சான்றாகப் படிப்பர். சட்ட அறிஞர் ஆவணமாகப் படிப்பர். அவற்றைப் பனுவலாகக் கொண்டு சொல் சொல்லாகப் படிக்கும் வழக்கம் நம் துறையில் அரிது. பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் அலுவல் கடிதம் என்பது அனுப்புநர், பெறுநர், விளிப்பு, பொருள் எனக் கட்டங்களை நிரப்பும் பயிற்சியாகவே இன்றும் நடைபெறுகிறது. இலக்கியத்திற்கு உரை காணும் கூர்மையில் பாதியையாவது அலுவல் உரைநடைக்கு நாம் செலவிடுவதில்லை. இக்கட்டுரை மேற்கூறிய கடிதத்தை அதற்கு முன்சென்ற வினாவோடும் பின்வந்த மௌனத்தோடும் சேர்த்துப் படிக்க முற்படுகிறது. ஒரு விடை வாக்கியத்தின் மீது எவ்வளவு பொருளை ஏற்றலாம் என்பதே இங்கு எழும் கேள்வி.

பெயரைப் பற்றி முதலில் ஒரு சொல். போர்த்துகீசிய மொழியில் பெட்ரா பிராங்கா என்பதற்கு 'வெள்ளைப் பாறை' என்று பொருள். மலாய் மொழியில் பத்து பூத்தே என்பதற்கும் அதே பொருள்தான். கடற்பறவைகளின் எச்சம் படிந்து வெளுத்த கருங்கல்லைக் கண்ட இரு மொழியினரும் ஒரே பெயரையே இட்டனர். ஆயினும் வழக்கு மூண்டபின் எந்தப் பெயரைச் சொல்கிறோம் என்பதே எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதற்கு அடையாளமாகிவிட்டது. நீதிமன்றம் இரு பெயர்களையும் சாய்கோடிட்டு இணைத்தே எழுதியது. தமிழில் எழுதுவோர்க்கு இங்கு ஒரு வசதி உண்டு. இரண்டையும் மொழிபெயர்த்தால் கிடைப்பது ஒரே சொல் என்பதால் இக்கட்டுரை முழுவதும் 'வெண்பாறை' என்றே வழங்குகிறேன்.

பாறையும் வழக்கும்

சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில், ஜொகூர்க் கரைக்குத் தெற்கே 7.7 கடல் மைல் தொலைவிலும் சிங்கப்பூருக்குக் கிழக்கே 24 கடல் மைல் தொலைவிலும் உள்ளது வெண்பாறை. நீளம் 137 மீட்டர். சராசரி அகலம் 60 மீட்டர். 1850–51இல் ஆங்கிலேயர் அதன்மீது ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கட்டினர். 1979இல் மலேசியா வெளியிட்ட நிலப்படம் வெண்பாறையைத் தன் கடல் எல்லைக்குள் காட்டியது. 1980 பிப்ரவரி 14இல் சிங்கப்பூர் எழுத்துமூலம் மறுப்புத் தெரிவித்தது. பேச்சுவார்த்தைகள் பலனளிக்காமல், 2003இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டு வழக்கை நீதிமன்றத்திடம் ஒப்படைத்தன. 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பு வெண்பாறையின் இறைமையை 12க்கு 4 என்னும் வாக்குகளில் சிங்கப்பூருக்கும், அதனருகிலுள்ள நடுப் பாறைகளின் இறைமையை 15க்கு 1 என்னும் வாக்குகளில் மலேசியாவுக்கும் உரியதாக்கியது. நீர் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் தென் திட்டு, எந்த நாட்டின் கடற்பரப்பில் அமைகிறதோ அந்நாட்டுக்கே உரியது என விடப்பட்டது.

தீர்ப்பின் வாதப் போக்கில் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். 1844 வரை வெண்பாறை ஜொகூர் சுல்தானுக்கே உரியதாக இருந்தது என்பதை நீதிமன்றம் ஐயமின்றி ஏற்றுக்கொண்டது. எனவே, சுல்தானிடமிருந்து அந்த இறைமை எப்போது, எவ்வாறு கைமாறியது என்பதே சிக்கலாயிற்று. போர் இல்லை, விற்பனை இல்லை, உடன்படிக்கையும் இல்லை. இருந்தவை கடிதங்களும் நடத்தையும் மட்டுமே.

வினா தொலைந்த விடை

1844இல் ஆளுநர் பட்டர்வொர்த் கலங்கரை விளக்கம் ஒன்றைக் கட்ட இசைவு வேண்டி ஜொகூர் சுல்தானுக்கும் தெமெங்கோங்குக்கும் எழுதினார். அவ்வாண்டு நவம்பர் 25ஆம் நாளிட்ட இருவரின் மறுமொழிகளும் ஆங்கில மொழிபெயர்ப்பில் கிடைத்துள்ளன. ஆளுநர் எழுதிய கடிதங்கள் மட்டும் கிடைக்கவே இல்லை. இரு நாடுகளும் தேடியும் பயனில்லை.

அகப்பாடலில் தலைவியின் கூற்று மட்டும் நம் காதில் விழுகிறது. தோழி முன்னர் என்ன சொன்னாள் என்பதைத் துறைக்குறிப்பும் உரையாசிரியரும் நமக்குக் கட்டியெழுப்பித் தருகின்றனர். 1844ஆம் ஆண்டு மறுமொழிகளும் அத்தகையனவே. சுல்தான் ஆளுநரின் விருப்பத்தை நன்கு உணர்ந்ததாகவும் அதனால் மகிழ்ந்ததாகவும் எழுதுகிறார். இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. தெமெங்கோங் ரொமேனியா முனைக்கு அருகே விளக்கம் அமைக்க ஆளுநர் விரும்புவதைக் குறிப்பிட்டுத் தமக்கு மறுப்பில்லை என்கிறார். அங்கோ, தகுதியானதெனக் கருதும் வேறெந்த இடத்திலோ கட்டிக்கொள்ளக் கம்பெனிக்கு முழு உரிமை உண்டு என்றும் சேர்த்துக்கொள்கிறார். 'வேறெந்த இடத்திலோ' என்னும் அந்தப் பின்னொட்டு வெண்பாறையை உள்ளடக்குமா? உள்ளடக்கும் என்றால் அது உரிமையாளர் தந்த இசைவாகிவிடும். ஆங்கிலேயரின் இறைமைக்கு இடமில்லை. உள்ளடக்காது என்றால் ஆங்கிலேயர் எவரையும் கேளாமலே கட்டினர் என்றாகும். மலேசியா முதற்பொருளையும் சிங்கப்பூர் இரண்டாம் பொருளையும் கொண்டன. நீதிமன்றம் இதனை அறுதியிடாமலே கடந்து சென்றது. வினா இல்லாத விடைக்கு உரை எழுத நீதிபதிகள் துணியவில்லை என்றே சொல்ல வேண்டும். அவர்கள் செய்தது சரியே.

முனைவர்ப் பட்ட ஆய்வுக் காலத்தில் வெளிநாட்டு ஆவணக் காப்பகம் ஒன்றில் கம்பெனிக் கோப்புகளைப் புரட்டிய அனுபவம் எனக்குண்டு. வந்த கடிதங்கள் ஒரு கட்டிலும் போன கடிதங்கள் வேறொரு கட்டிலும் கிடக்கும். ஒரு விடையை மேற்கோள் காட்டுமுன் அதன் வினாவைக் கையில் எடுத்து வந்தாயா என்று என் நெறியாளர் கேட்பார். பல நாள்கள் இல்லை என்றே சொல்ல நேர்ந்தது.

1953: வினா

நல்வாய்ப்பாக, 1953ஆம் ஆண்டின் வினா நம்மிடம் முழுமையாக உள்ளது. அவ்வாண்டு ஜூன் 12ஆம் நாள், காலனிச் செயலாளர் சார்பில் ஜொகூரிலிருந்த பிரிட்டிஷ் ஆலோசகருக்கு எழுதப்பட்ட கடிதம் அது. காலனியின் கடல் எல்லையை வரையறுக்கும் வேலை நடைபெறுவதால் வெண்பாறை பற்றிய தகவல் தேவை என்று அது தொடங்குகிறது. 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையில் சிங்கப்பூரோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட எல்லைக்கு வெளியே இப்பாறை இருப்பதை ஒப்புக்கொள்கிறது. காலனி அரசாங்கம் 1850இல் விளக்கத்தைக் கட்டி அன்றுமுதல் பராமரித்து வருவதால், அனைத்துலக வழக்கப்படி அதற்குச் சில உரிமைகளும் கடமைகளும் இருக்கும் என்கிறது. 'சில' என்னும் அடைமொழி கருதத்தக்கது. எழுதியவர்க்கே முழு உரிமை இருப்பதாகத் துணிவு வரவில்லை.

அடுத்து வரும் பகுதிதான் கடிதத்தின் உயிர்நிலை. பூலாவ் பீசாங் என்னும் மற்றொரு தீவும் உடன்படிக்கை எல்லைக்கு வெளியே உள்ளது. அங்கும் ஒரு கலங்கரை விளக்கம் உண்டு. அத்தீவைப் பொறுத்தமட்டில் 1900 அக்டோபர் 6ஆம் நாளிட்ட பத்திரம் ஜொகூர்ப் பதிவகத்தில் கிடைத்துள்ளது. விளக்கம் கட்டுவதற்காகத் தீவின் ஒரு பகுதி நிபந்தனைகளோடு வழங்கப்பட்டிருக்கிறது. ஜொகூரின் இறைமை அதனால் நீங்கவில்லை என்பது தெளிவு. இவ்வாறு கூறிவிட்டு, வெண்பாறையின் நிலையையும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, மூன்று செய்திகளைக் கடிதம் வினவுகிறது. பாறையைக் குத்தகைக்கோ கொடையாகவோ வழங்கிய ஆவணம் ஏதேனும் உண்டா? ஜொகூர் அரசாங்கம் அதனை விட்டுக்கொடுத்ததா? வேறு வகையில் கைமாற்றியதா?

நன்னூலார் வினாவை அறுவகையாகப் பகுப்பார். அவ்வகையில் நோக்கின் இது அறியாவினா. அறியாவினாவுக்கும் ஓர் அடித்தளம் உண்டு. 'விட்டுக்கொடுத்தீரா' என்று கேட்பவர், கேட்கப்படுபவரிடம் அப்பொருள் ஒருகாலத்தில் இருந்தது என்பதை ஏற்றுக்கொண்டே கேட்கிறார். வினாவின் மூன்று கிளைகளும் ஜொகூரை மூல உரிமையாளராகக் கொண்டே அமைந்துள்ளன. கடிதத்தை இந்தக் கோணத்தில் படித்தால், 1953இல் சிங்கப்பூர் அலுவலர்க்கும் தம் நிலை பற்றி உறுதியில்லை என்பது விளங்கும்.

விடையும் அதன் சொல்லும்

ஆலோசகர் அலுவலகம் ஜூன் மாதத்திலேயே ஓர் இடைக்கால மறுமொழி அனுப்பியது. கடிதம் மாநில அரசுச் செயலாளரிடம் சேர்க்கப்பட்டதையும், அவர் நில, சுரங்க ஆணையரையும் தலைமை நில அளவையாளரையும் கலந்துகொள்ள விரும்பக்கூடும் என்பதையும் அது தெரிவித்தது. வினா புறப்பட்ட 101ஆம் நாள் விடை வந்தது.

விடையின் முற்பகுதி வினாவின் சொற்களாலேயே ஆனது. 'பாறை', '40 மைல்', 'நிலை' ஆகிய மூன்றும் வினாவிலிருந்து அப்படியே எடுத்தாளப்பட்டவை. ஆனால் பயனிலைக்குரிய சொல்லான 'ஓனர்ஷிப்', அதாவது உடைமை, வினாக் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. அங்கிருந்த சொல் 'சாவரின்டி', அதாவது இறைமை. அதுவும் பீசாங் தீவு பற்றியது. கேட்கப்பட்ட ஆவணங்கள் உண்டா இல்லையா என்பது பற்றி விடை ஒன்றும் பேசவில்லை. விட்டுக்கொடுத்தோம் என்றும் இல்லை. விட்டுக்கொடுக்கவில்லை என்றும் இல்லை.

நன்னூல் கூறும் எண்வகை விடைகளுள் சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேரடி விடைகள். எஞ்சியவை குறிப்பாக விடை தருவன. 'விட்டுக்கொடுத்தீரா' என்பதற்குக் 'கோருவதில்லை' என்பது எவ்வகை? எதிர்மறை வினைமுற்றைக் கொண்டிருப்பதால் மேலோட்டமாக மறைவிடை போல் தோன்றும். ஆனால் வினாவிலுள்ள வினையை அது மறுக்கவில்லை; வேறொரு வினையைக் கொண்டுவந்து மறுக்கிறது. ஒன்றைக் கேட்க அதற்கு இனமான மற்றொன்றைச் சொல்வதை இனமொழி என்பர். ஜொகூர்க் கடிதம் அவ்வகையினது என்பதே என் முடிபு. இனமொழி விடையில் கேட்டதற்கான விடையைக் கேட்பவர்தாம் ஊகித்துக்கொள்ள வேண்டும். ஆகவே அதன் பொருளில் ஒரு பங்கு கேட்பவருடையது. (உரையாசிரியர்கள் விடையை 'இறை' என்றே வழங்குவர், நேர்விடை செவ்வன் இறை. இறைமை பற்றிய வழக்கொன்று இறையைப் பற்றிய வழக்காக மாறியது மொழியின் தற்செயல்தான். ஆயினும் வகுப்பில் சொல்லாமல் இருக்க முடிவதில்லை.)

இனி உடைமை என்னும் சொல்லுக்கு வருவோம். மலேசியாவின் வாதம் எளிமையானது. உடைமை என்பது நிலச்சொத்து பற்றிய தனியுரிமை. இறைமை என்பது அரசின் ஆட்சியுரிமை. முன்னதைக் கோராதவர் பின்னதைத் துறந்தவராகார். இந்த வேறுபாடு நமக்குப் புதிதன்று. ஆறாம் வேற்றுமையின் கிழமைப் பொருளைத் தற்கிழமை என்றும் பிறிதின்கிழமை என்றும் நம் இலக்கணம் பிரிக்கிறது. சாத்தனது கை வேறு. சாத்தனது ஆடை வேறு. சோழர்காலக் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் காணி, காராண்மை, மீயாட்சி எனப் பல சொற்கள் வழங்கியதும், ஒரே நிலத்தின்மீது பல உரிமைகள் அடுக்கடுக்காக நிற்கக்கூடும் என்பதை நம் முன்னோர் தெளிவாக அறிந்திருந்ததனாலேயாம். கோயிலுக்கு நிலம் கொடுத்த மன்னன் அந்நிலத்தின் மன்னனாகவே இருந்தான்.

நீதிமன்றம் இவ்வேறுபாட்டைக் கொள்கையளவில் ஏற்றது. இக்கடிதத்தில் அது பொருந்தாது என்றது. வினா தனியார் சொத்தைப் பற்றியதன்று, கடல் எல்லையைப் பற்றியது. ஆகவே விடையிலுள்ள உடைமையும் இறைமையே என்பது நீதிமன்றத்தின் உரை. வினாவைக் கொண்டு விடைக்குப் பொருள் காணும் இந்நெறி நமக்கு முற்றும் உடன்பாடானது. பீசாங் பற்றிய பத்தியே இதற்குப் போதிய சான்று. நிலக்கொடை வேறு, இறைமை வேறு என்று பிரித்துக் காட்டிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு விடை எழுதியவர், தாம் நிலச்சொத்தை மட்டுமே குறித்ததாயின் அதைச் சொல்லியிருக்கலாம். மலேசியாவின் வாதம் இவ்விடத்தில் வலுவிழக்கிறது.

எனினும் அதே பத்தி மறுபுறமும் வெட்டும். இறைமை என்னும் சொல் கண்முன் இருந்தும் விடையெழுதியவர் அதை ஆளவில்லை. வேண்டுமென்றே தவிர்த்தாரா, நில அலுவலகத்தின் வழியே வந்த குறிப்பில் இருந்த சொல் அப்படியே ஏறிவிட்டதா என்பதைப் பனுவல் சொல்வதில்லை. நில அலுவலகத்துக்கு இயல்பான சொல் உடைமைதான் என்பதை மட்டும் நினைவிற்கொள்ளலாம். இப்படிப்பட்ட ஐயப்பாடு நிலவும்போது ஒரு பொருளை மட்டும் தெளிவான பொருள் என அறிவிப்பது உரைநெறிக்குச் சற்று அதிகமே.

காலமும் தகுதியும்

மொழிபெயர்ப்பு வகுப்பில் இந்த வாக்கியத்தை நான் மாணவர்க்குக் கொடுப்பதுண்டு. பெரும்பாலோர் 'உரிமை கோரவில்லை' என்றே எழுதுவர். ஒரு தொடரில் இரண்டு இழப்புகள். முதலாவது, உடைமையும் இறைமையும் ஆட்சியும் எல்லாம் 'உரிமை' என்ற ஒரே சொல்லுக்குள் கரைந்துபோகின்றன. வழக்கே இல்லாமற் போய்விடுகிறது. இரண்டாவது இழப்பு நுட்பமானது. 'கோரவில்லை' என்பது இக்காலத் தமிழில் இறந்தகாலத்துக்கும் நிகழ்காலத்துக்கும் பொதுவாக நிற்கிறது. ஆங்கில மூலமோ நிகழ்காலத்தில் உள்ளது. அது முன்பு கோரியதா என்பதையோ முன்பு இருந்ததா என்பதையோ தொடவில்லை. 'கோருவதில்லை' என்பது ஓரளவு பொருந்தும்.

இந்தக் காலக் குறிப்பில்தான் தீர்ப்பின் நொய்ம்மை வெளிப்படுகிறது. கடிதம் ஒரு நாடு தன் இறைமையைத் துறக்கும் அறிவிப்பன்று. கடிதத்தை நம்பித் தான் மேற்கொண்ட செயலால் பாதிக்கப்பட்டதாகச் சிங்கப்பூர் காட்டவில்லை என்பதால், முன்சொன்னதை மறுக்க முடியாதபடி கட்டுப்படுத்தும் தடையும் ஆகாது. ஒரு கோரிக்கைக்கோ சச்சரவுக்கோ மறுமொழியாக எழுதப்படாததால் கட்டுப்படுத்தும் வாக்குறுதியும் ஆகாது. இவை நீதிமன்றமே கண்ட முடிபுகள். பின் கடிதம் எதைத்தான் காட்டுகிறது? 1953இல் தனக்கு வெண்பாறைமீது இறைமை இல்லை என ஜொகூர் கருதியது என்பதைக் காட்டுகிறதாம். இருந்த இறைமை இல்லாமற்போனது எப்போது என்று கேட்டால் கடிதத்தில் விடை இல்லை. சிம்மா, ஆப்ரஹாம் ஆகிய நீதிபதிகள் தம் கூட்டு மறுப்புரையில் இதனையே சுட்டினர். உரிமை கைமாறியதற்கு அடிப்படை மௌன உடன்பாடா, எதிர்ப்பின்மையா, காலப்போக்கில் முதிர்ந்த உரிமையா என்பதைப் பெரும்பான்மைத் தீர்ப்பு தெளிவாகச் சொல்லவில்லை என்பது அவர்களின் குறை. மலேசியா நியமித்த நீதிபதி டூகார்டும் ஏறத்தாழ அதே குறையைக் கடுமையாகவே கூறினார். பனுவலைப் படிக்கும் அளவில் நான் இவர்கள் பக்கமே சாய்கிறேன். 'இல்லை என்று கருதினர்' என்பதிலிருந்து 'இல்லாமற்போயிற்று' என்பதற்குப் போகும் படி ஒன்று தேவை. அந்தப் படி வாக்கியத்துக்குள் இல்லை.

எழுதியவரின் தகுதி பற்றிய வாதத்தையும் சுருக்கமாகக் குறிப்பிடலாம். 1948ஆம் ஆண்டு ஒப்பந்தங்களின்படி ஜொகூரின் வெளியுறவு ஆங்கிலேயரிடம் இருந்தது. ஆகவே தற்காலிகச் செயலாளர்க்கு இத்தகைய விடை அளிக்க அதிகாரமில்லை என்றது மலேசியா. திருக்குறளின் தூது அதிகாரத்துக்கு முன்னுரை எழுதும் பரிமேலழகர் தூதரைத் தான் வகுத்துக் கூறுவான், கூறியது கூறுவான் என இருவகைப்படுத்துவார். செயலாளர் எவ்வகையினர் என்பதே மலேசியாவின் கேள்வி. நீதிமன்றம் வேறு வகையில் விடுவித்தது. அன்று சிங்கப்பூர் என்பது ஆங்கில அரசே. அதற்கு விடையளித்தது அயல்நாட்டோடு உறவாடியதாகாது. மேலும், கேட்ட தகவலைத் தந்தது அவ்வளவே என்றது. தகவல் தருபவரைக் கூறியது கூறுவானாகவே கொண்டால், அந்தத் தகவலின் மீது இவ்வளவு பாரத்தை ஏற்றுவது எங்ஙனம் என்னும் கேள்வி மீண்டும் தலைதூக்குகிறது.

எழுதப்படாத கடிதங்கள்

பாரத்தைத் தாங்கியது கடிதம் மட்டுமன்று என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1953க்குப் பின் நிகழ்ந்தவற்றையும், அவற்றைக் கண்டும் எழுதப்படாத கடிதங்களையும் நீதிமன்றம் ஒருங்கே கணக்கில் எடுத்தது. வெண்பாறையைச் சுற்றி நேர்ந்த கப்பல் விபத்துகளைச் சிங்கப்பூர் விசாரித்தது. மலேசிய அதிகாரிகள் அங்குச் செல்லச் சிங்கப்பூரின் இசைவைப் பெற்றனர். 1977இல் சிங்கப்பூர் அங்கு இராணுவத் தொடர்புக் கருவிகளைப் பொருத்தியது. 1962 முதல் 1975 வரை மலாயாவும் மலேசியாவும் வெளியிட்ட நிலப்படங்கள் வெண்பாறையின் பெயருக்குக் கீழே சிங்கப்பூர் என்று அச்சிட்டிருந்தன. எல்லாவற்றினும் மேலாக, 1968இல் பீசாங் தீவின் விளக்கத்தில் பறந்த சிங்கப்பூர்க் கொடியை இறக்குமாறு மலேசியா கேட்டது. அவ்வாறே கொடியும் இறக்கப்பட்டது. வெண்பாறையில் பறந்த கொடியைப் பற்றி ஒரு வரியும் எழுதப்படவில்லை. ஓரிடத்தில் பேசியவர் மற்றோரிடத்தில் பேசாதிருந்தால் அந்த மௌனத்துக்குப் பொருள் வந்துவிடுகிறது. 1953ஆம் ஆண்டு வினாக் கடிதம் பீசாங்கையும் வெண்பாறையையும் எதிரெதிரே நிறுத்திய அதே அமைப்பு, 15 ஆண்டுகளுக்குப் பின் நடப்பிலும் திரும்பி வந்தது.

இவ்வகை மௌனத்துக்குத் தென்கிழக்காசியாவிலேயே முன்னுதாரணம் உண்டு. கம்போடியாவும் தாய்லாந்தும் உரிமை கொண்டாடிய பிரெஆ விஹார் சிவன் கோயில் வழக்கில் 1962இல் இதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரெஞ்சு அதிகாரிகள் வரைந்த நிலப்படம் 1908இல் சயாமுக்கு அனுப்பப்பட்டது. அப்படம் கோயிலைக் கம்போடியாவின் பக்கம் காட்டியது. இளவரசர் டாம்ரோங் அதற்கு நன்றி கூறி, மாநில ஆளுநர்களுக்கு அனுப்ப மேலும் 15 படிகள் கேட்டார். கோயிலை இழந்ததில் அந்த நன்றிக் கடிதத்துக்கும் பங்குண்டு. மரியாதை கருதி எழுதும் வரி எத்தகைய சான்றாக முடியும் என்பதை அலுவல் கடிதம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதைக் கொண்டே விளக்கலாம்.

மௌனம் ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதன்று. 1953 செப்டம்பர்க் கடிதம் கையில் கிடைத்ததும், இதன் வலுவில் வெண்பாறையை நாம் கோரலாம் என்னும் கருத்துப்படச் சிங்கப்பூர்க் காலனிச் செயலாளர் தம் அரசுத் தலைமை வழக்குரைஞருக்கு உள்ளகக் குறிப்பு எழுதினார். அவரும் உடன்பட்டார். அந்தக் குறிப்பு கோப்புக்குள் நின்றுவிட்டது. தங்கள் விடையை இவ்வாறு புரிந்துகொண்டோம், இனி பாறையை எங்களுடையதாகக் கொள்கிறோம் என்று ஜொகூருக்கு மறுகடிதம் செல்லவில்லை. சென்றிருந்தால் விடையெழுதியவர் தம் சொல்லைத் திருத்தவோ உறுதிப்படுத்தவோ வாய்ப்புக் கிடைத்திருக்கும். உரையாடலில் வினா, விடை என்னும் இரண்டோடு, விடையை ஏற்றுக்கொண்டதைத் தெரிவிக்கும் மூன்றாம் கூற்றும் உண்டு. இனமொழியாக வந்த விடைக்கு அது இன்றியமையாதது. கேட்டவர் என்ன ஊகித்தார் என்பதைச் சொன்னவர் அறியவேண்டுமல்லவா? அந்த மூன்றாம் கூற்று எழுதப்பட்டது, அனுப்பப்படவில்லை. தீர்ப்பு இந்த உள்ளகக் குறிப்பைக் குறிப்பிடுகிறது. ஆனால் அது அனுப்பப்படாததன் பொருளை ஜொகூரின் மௌனத்துக்குத் தந்த அளவுக்கு ஆராயவில்லை. ஒரு திறனாய்வாளனாக நான் காணும் பெருங்குறை இதுவே.

2017இல் மலேசியா தீர்ப்பை மறுஆய்வு செய்ய விண்ணப்பித்தபோது சான்றாகக் காட்டியவற்றுள் 1958ஆம் ஆண்டுச் சிங்கப்பூர்க் காலனி அதிகாரிகளின் உள்ளகக் கடிதங்களும் இருந்தன. பிரிட்டிஷ் ஆவணக் காப்பகத்தில் புதிதாகக் கண்டெடுக்கப்பட்டவை அவை. வெண்பாறை தங்களுடையது என அவ்வதிகாரிகள் அப்போதும் கருதவில்லை என்பது மலேசியாவின் வாதம். சிங்கப்பூர் அதை மறுத்தது. நீதிமன்றம் அக்கடிதங்களைப் படித்துப் பொருள் கூறும் நிலை வரவில்லை. 2018 மே மாதத்தில் மலேசியா தன் விண்ணப்பத்தை மீட்டுக்கொண்டது. அந்த மீட்பு உள்ளிட்டவற்றை ஆராய மலேசியா 2024இல் அரச விசாரணை ஆணையம் ஒன்றையும் அமைத்தது.

என் வகுப்பில் இவ்வாண்டும் அதே வாக்கியத்தைக் கொடுத்தேன். ஒரு மாணவி மட்டும் மொழிபெயர்க்காமல் தாளைத் திருப்பித் தந்து, இதற்கு முன்வந்த கடிதத்தைத் தாருங்கள் என்றார். ஜூன் 12ஆம் நாள் கடிதத்தின் படியைக் கொடுத்தேன். மறுவாரம் அவர் கொண்டுவந்த மொழிபெயர்ப்பில் 'உடைமை' என்னும் சொல்லுக்கு அடியில் பென்சிலால் கோடிட்டு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இட்டிருந்தார். அதை அழிக்கச் சொல்லவில்லை.